மனை இல்லாத தெரு

சௌடப்பன்: ...அப்புறம் மைக்க இப்பிடிப் பிடிச்சுக்கிட்டு, "யாரு சொன்னது?"ன்னு ஒரே ஒரு கேள்வி. மண்டபமே கிடுகிடுன்னு ஆடணும்.

பஞ்சம்மாள்: கைய இறக்குங்க. முன் சேர்ல இருக்கவுக கொண்டையில இடிக்குது.

சௌடப்பன்: "எங்க தெருவுல ஒருத்தருக்கும் மனை இல்லைன்னு சொன்ன மகராசன் எவன்? அவன் மூஞ்சிய எனக்குக் காட்டுங்க!"

பஞ்சம்மாள்: மகராசன்னே முடிவு பண்ணிட்டீகளா?

சௌடப்பன்: பின்ன? பொம்பளைகளா சொல்லியிருப்பாக?

பஞ்சம்மாள்: அதானே... பொம்பளைக எங்க பேசப் போறோம்.

சௌடப்பன்: பேச்சு எப்பிடி இருக்கு?

பஞ்சம்மாள்: நல்லாத்தான் இருக்கு. அந்த மூஞ்சியக் காட்டச் சொல்றத மட்டும் விட்டுருங்க.

சௌடப்பன்: அதுதாண்டி பேச்சுக்கே உசுரு!

பஞ்சம்மாள்: சத்தம் போடாதீக. வார்டுக் கூட்டத்துக்கு வந்தவுக பூராம் திரும்பிப் பாக்குறாக. நம்ம ரெண்டு பேரும் மாலை மாத்தப் போறோம்னு நெனச்சுக்கிறப் போறாக.

சௌடப்பன்: கல்யாண மண்டபம்தானே, மாத்துனா போச்சு.

பஞ்சம்மாள்: வயசுக்குத் தக்கன பேசுங்க... ஆமா, ஏன் இம்புட்டுப் பின்னாடி உக்கார வச்சீக? நம்ம தெருக்காரவுக எல்லாம் முன்னாடி இருக்காக.

சௌடப்பன்: இங்கதான் ஃபேன் காத்து வருது.

பஞ்சம்மாள்: ஃபேனே ஓடலையே.

சௌடப்பன்: ஓடும்போது வரும்ல.

பஞ்சம்மாள்: நான் பாட்டுக்குப் பாலவனத்தத்துல அக்கா வீட்டுல இருந்து பஸ்ஸ விட்டு இறங்கி நேரா இங்க வாரேன். தெருவுல யாரையும் பாக்கல, ஒரு வார்த்தை பேசல. அங்க பாருங்க, முத்துலட்சுமி தலை நெறயப் பூ வச்சுக்கிட்டுச் சிரிக்கிறத! தெருவே பறிபோகப் போகுது, இவளுக்கு என்ன சிரிப்பு?

சௌடப்பன்: அதுவா... அவ பல்லே அப்பிடி.

பஞ்சம்மாள்: பக்கத்துல இருக்கவுகளும் சிரிக்கிறாக.

சௌடப்பன்: எல்லாருக்கும் பல்லு அப்பிடி. நீ அங்குட்டுப் பாக்காத. மேடையப் பாரு.

பஞ்சம்மாள்: மேடையில யாருமே இல்ல. சரி, இன்னைக்கி என்னதான் முடிவு பண்ணுவாக? எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லுங்க.

சௌடப்பன்: நல்லாக் கேட்டுக்க. டெல்லியில இருந்து நம்ம ஊருக்குப் பணம் வருது. வீடு கட்ட, சாக்கடை போட, தெரு லைட்டு போட. வந்த பணத்த நகராட்சிக்காரவுக இஷ்டத்துக்கு அள்ளி விட்டுற முடியாது. சனங்களக் கூப்பிட்டு, "உங்களுக்கு எது மொதல்ல வேணும்"னு கேட்டு, அத வச்சுத்தான் திட்டம் எழுதி மேல அனுப்பணும்.

பஞ்சம்மாள்: நம்மளயா கேக்குறாக? எங்கல்யாணத்துக்கே என்னைய யாரும் கேக்கல.

சௌடப்பன்: கேட்டிருந்தா?

பஞ்சம்மாள்: சாக்கடையே போதும்னு சொல்லியிருப்பேன்.

சௌடப்பன்: கொழுப்புடி உனக்கு.

பஞ்சம்மாள்: போன கூட்டத்துல சோலைச்சாமி அண்ணன் என்ன கேட்டாகளாம்? ஊரே சொல்லிச் சிரிக்குது.

சௌடப்பன்: ஊருணிக்குப் படகு கேட்டாரு.

பஞ்சம்மாள்: ஊருணியில ஆடுல்ல மேயுது?

சௌடப்பன்: அதைத்தான் அதிகாரியும் கேட்டாரு. "மொதல்ல படகு வரட்டும் சார், அதப் பாத்துட்டுத் தண்ணி வந்துரும்"ங்குறாரு.

பஞ்சம்மாள்: அய்யோ... சிரிக்க வைக்காதீக, வவுறு வலிக்குது... சரி, விளையாட்ட விடுங்க. நம்ம விசயத்துக்கு வாங்க. சொந்தமா மனை இருந்தா அதுலயே வீடு கட்டிக்கப் பணம் தருவாக. அப்பிடித்தானே?

சௌடப்பன்: அப்பிடித்தான்.

பஞ்சம்மாள்: மனை இல்லைன்னா?

சௌடப்பன்: ஊருக்கு வெளிய காட்டுக்குள்ள அடுக்குமாடி கட்டப் போறாக. அதுல ஒரு வீடு. நம்ம தெரு பூராத்தையும் அந்தக் கணக்குலதான் சேத்திருக்காக.

பஞ்சம்மாள்: தாத்தா காலத்து மனை. பட்டா பெட்டிக்குள்ள பத்திரமாக் கெடக்கு. அத வச்சுக்கிட்டு நம்ம மனை இல்லாதவுகளா? இன்னைக்கி மாத்தலைன்னா அம்புட்டுத்தான், மேல போயிரும். அப்புறம் மழைக்கு ஒழுகுற இந்த வீட்ட இடிச்சுக் கட்ட ஒரு காலத்துலயும் நமக்கு முடியாது.

சௌடப்பன்: அதுக்குத்தானே பேசப் போறேன்.

பஞ்சம்மாள்: தறிய நெனச்சுப் பாத்தீகளா? நீங்க நெய்யுறது குழித்தறி. குழிக்குள்ள காலத் தொங்க விட்டுத்தான் மிதிக்கணும். மூணாவது மாடியில குழி தோண்டுனா ரெண்டாவது மாடிக்காரவுக சோத்துத் தட்டுல உங்க காலு தொங்கும்.

சௌடப்பன்: ஹஹ்ஹா... "ஏம்மா, மேல இருந்து என்னமோ ஆடுதே"ம்பாக.

பஞ்சம்மாள்: "அது சௌடப்பன் கால்தான், அவரு சேலை நெய்யுறாரு, நீங்க சாப்புடுங்க"ம்பாக.

சௌடப்பன்: "சேலை முந்தி வந்திருச்சா, காலு வேகமா ஆடுது"ம்பாக!

பஞ்சம்மாள்: சிரிப்பப் பாரு! வயித்தெரிச்சல்ல நான் பேசுறேன், உங்களுக்குச் சிரிப்பு. 

சௌடப்பன்: இல்ல பஞ்சு... ஒரு பேச்சுக்குச் சொல்றேன். மூணாவது மாடின்னா காத்து நல்லா வருமாம்.

பஞ்சம்மாள்: காத்த வச்சு என்ன செய்ய? தறிக்குப் பாவு நூலு காயப்போடவா?

சௌடப்பன்: பால்கனியெல்லாம் இருக்குமாம்.

பஞ்சம்மாள்: பாத்தாச்சு, பாத்தாச்சு. மதுரையில உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயி எல்லாம் பாத்தாச்சு.

சௌடப்பன்: அந்த வீட்டுக்கு என்ன?

பஞ்சம்மாள்: ஒண்ணுமில்ல. பேச்ச ஒழுங்காச் சொல்லிப் பாருங்க.

சௌடப்பன்: "மனை இல்லைன்னு சொன்ன அந்த நாக்க..."

பஞ்சம்மாள்: நாக்க ஒண்ணும் செய்ய வேணாம்! நாக்கு என்ன செய்யும் பாவம்?

சௌடப்பன்: நீ ஏன் பதறுற? எனக்கு ஒரு ஆள் மேல சந்தேகம் இருக்கு. கடைசி வீட்டுப் பாலமணிகண்டன்.

பஞ்சம்மாள்: சேச்சே... அது தங்கமான பையன்.

சௌடப்பன்: எப்பப் பாத்தாலும் காதுல என்னத்தையோ மாட்டிக்கிட்டுத் திரியுறான். கணக்கெடுக்க வந்த புள்ள ஒண்ணு கேட்டிருக்கும், இவன் ஒண்ணு சொல்லியிருப்பான்.

பஞ்சம்மாள்: அவன் இல்லங்க. எனக்குத் தெரியும்.

சௌடப்பன்: உனக்கு எப்பிடித் தெரியும்?

பஞ்சம்மாள்: தெரியும்னா தெரியும்... அய்யய்யோ, கணக்கெடுக்க வந்த பரளச்சி ஊருப் புள்ள இங்குட்டுத்தான் வருது. ஏங்க, எந்திரிங்க. டீ குடிச்சிட்டு வருவோம்.

சௌடப்பன்: ஆமாமா, நீயும் சொல்றது சரிதான், கெளம்பு கெளம்பு, எனக்கும் தொண்ட காயுது.

பஞ்சம்மாள்: நீங்க ஏன் இப்பிடிப் பறக்குறீக?

முருகலட்சுமி: ஐயா! அம்மா! ரெண்டு பேரும் இங்கயா இருக்கீக? மண்டபம் பூராம் தேடிட்டேன்.

பஞ்சம்மாள்: வாம்மா முருகலட்சுமி. உக்காரு. இந்தா, காரச்சேவு. அக்கா குடுத்து விட்டுச்சு. வாயத் தொற.

முருகலட்சுமி: இருக்கட்டும்மா. உங்ககிட்ட ஒரு முக்கியமான...

பஞ்சம்மாள்: இன்னும் கொஞ்சம்.

முருகலட்சுமி: ம்ம்... மா... ம்ம்...

சௌடப்பன்: இன்னும் ரெண்டு வாய் குடு. பாவம், காலையில இருந்து அலையுது.

பஞ்சம்மாள்: காலையில இருந்து அலையுதுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

சௌடப்பன்: மூஞ்சியப் பாத்தாத் தெரியாது?

முருகலட்சுமி: அய்யோ, போதும்மா! தண்ணி... தண்ணி குடுங்க. அம்மா, நான் கேக்க வந்தது அந்த மனை விசயம்.

பஞ்சம்மாள்: நான்தாம்மா.

முருகலட்சுமி: என்னம்மா?

பஞ்சம்மாள்: நான்தான் சொன்னேன். இனி என்னால மென்னு முழுங்க முடியாது. ஏங்க, நீங்க தேடுற மகராசன் உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். மூஞ்சிய நல்லாப் பாத்துக்கோங்க.

சௌடப்பன்: நீயா?

பஞ்சம்மாள்: நானேதான். வீடு இல்லாதவுகளுக்குத்தான் வீடு குடுக்குறாகன்னு தண்ணி பிடிக்கிற எடத்துல பேசிக்கிட்டாக. ஒழுகுற வீடா இருந்தாலும் வீடுன்னு சொல்லிட்டா ஒண்ணும் கெடைக்காதுன்னு எனக்குப் பயம். அதான் வீடு வீடாப் போயி, "யாரு வந்து கேட்டாலும் மனெ இல்லெ, மனெ இல்லென்னே சொல்லிருங்கடி"ன்னு பாடம் எடுத்தேன். முத்துலட்சுமிக்கு ரெண்டு தடவ ஒப்பிக்க வச்சேன்.

முருகலட்சுமி: எங்க ஆபீசு தேவிபிரியா சொன்ன மாதிரியேதான் நடந்திருக்கு!

பஞ்சம்மாள்: நாங்க வீட்டுக்குள்ள பேசுறது கன்னடம்மா. எங்களுக்கு மனென்னா வீடு. நீ வந்து வாசல்ல நின்னு, "மனை இருக்கா"ன்னு கேட்டியா... எனக்கு அம்புட்டு சந்தோசம். பரளச்சிக் காட்டுப் புள்ள, நமக்காக நம்ம பாஷையக் கத்துக்கிட்டு வந்து, "மனெ இருக்கா"ன்னு மரியாதையாக் கேக்குதேன்னு மோரெல்லாம் குடுத்தேன்.

முருகலட்சுமி: நான் தமிழ்லதாம்மா கேட்டேன். எங்களுக்கு மனைன்னா வெறும் இடம். நீங்க எல்லாரும் பேசி வச்ச மாதிரி "இல்ல"ன்னு சொன்னீக. ஒரு தெருவே காத்துல மெதக்குதான்னு எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு.

பஞ்சம்மாள்: தமிழ் தெரியாமயா? மனைன்னா என்னன்னு எனக்கும் தெரியும். ஆனா பொய் சொல்லணும்னு மனசுல வச்சிருந்தேன் பாரு, அந்தப் பதட்டத்துல காதுல கன்னடமா விழுந்துருச்சு. உண்மையச் சொல்லியிருந்தா இந்நேரம் அஸ்திவாரமே போட்டிருக்கலாம்.

முருகலட்சுமி: அழுகாதீகம்மா.

பஞ்சம்மாள்: என்னால ஒரு தெருவே கெட்டுப் போச்சே! ஏங்க, திட்டுங்க. நாக்கப் பத்திப் பேசுனீகளே, இப்பப் பேசுங்க.

சௌடப்பன்: விடு பஞ்சு. வாய் தவறுறது சகஜம்தானே.

பஞ்சம்மாள்: என்னது?

சௌடப்பன்: போனாப் போகுது. நமக்கு விதிச்சது அடுக்குமாடின்னா போயிருவோம். என்ன இப்ப?

பஞ்சம்மாள்: தறி?

சௌடப்பன்: வித்துரலாம். எனக்கும் முட்டி வலிக்குதுல்ல? நான் பவர்லூம் செட்டுக்கு வேலைக்குப் போயிட்டுப் போறேன்.

பஞ்சம்மாள்: இது யாரு பேசுறது? இப்பத்தானே மண்டபத்த ஆட்டப் போறேன்னீக? கொழம்புல உப்புக் கொறஞ்சதுக்கே தெருமுனை வரைக்கும் கேக்குற மாதிரிக் கத்துன மனுசன்! முருகலட்சுமி, இவுகளுக்கு மேலுக்கு ஏதும் சரியில்லையா, நெத்தியத் தொட்டுப் பாரு.

முருகலட்சுமி: அம்மா, மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க. தெரு கெட்டெல்லாம் போகல. எல்லாம் சரியாகிப் போச்சு.

பஞ்சம்மாள்: என்ன சொல்ற?

முருகலட்சுமி: ஒங்க தெருவுல ஒரு அம்மா, "மனையே இல்ல, இருக்கிறதும் ஒழுகுது"ன்னு சொன்னாக. வெறும் இடம் எப்பிடிம்மா ஒழுகும்? அத ஆபீசுல நம்ம தேவிபிரியாகிட்டச் சொன்னேன். அவுகளும் நெசவாளர் வீட்டுப் புள்ளதானே, சேர்ல இருந்து கீழ விழுந்து சிரிக்கிறாக. "ஏ, அவுகளுக்கு மனென்னா வீடு"ங்குறாக. இன்னைக்கிக் காலையில நாங்க ரெண்டு பேரும் தெருவுக்கே வந்து, வாசலுக்கு வாசல் தமிழ்ல ஒரு தடவ, கன்னடத்துல ஒரு தடவ கேட்டு, பட்டாவையும் பாத்து எல்லாத்தையும் மாத்தியாச்சு.

பஞ்சம்மாள்: இன்னைக்கிக் காலையிலயா? அப்ப... அதான் முத்துலட்சுமி பூவும் சிரிப்புமா இருக்காளா?

முருகலட்சுமி: தெருவே சிரிக்குதும்மா. சொந்த மனையில வீடு கட்டத்தான் மொத எடம்னு திட்டத்துலயே வந்திருச்சு. ஒரே ஒரு வீடுதான் பாக்கி.

பஞ்சம்மாள்: எந்தப் பாவி வீடு?

முருகலட்சுமி: ஒங்க வீடுதாம்மா.

பஞ்சம்மாள்: நான் ஊருல இல்லாததுனால பூட்டிக் கெடந்துச்சா?

முருகலட்சுமி: ஐயா இருந்தாக. தமிழ்ல கேட்டோம், "மனை இல்ல"ன்னாக. சரி, கன்னடத்துல கேப்போம்னு தேவிபிரியா கேட்டாக, அதுக்கும் இல்லன்னாக. ரெண்டு பாஷையிலயும் இல்லைன்னு சொன்ன ஒரே ஆளு ஐயாதான்.

சௌடப்பன்: காரச்சேவு மிச்சம் இருக்கா?

பஞ்சம்மாள்: ஏங்க!

முருகலட்சுமி: "அப்ப இந்தச் சுவரு, கூரை, தறியெல்லாம் எதுமேல நிக்குது ஐயா"ன்னு கேட்டேன். "அது எல்லாம் வேற ஆளு இடம்மா, எங்களுக்கு அடுக்குமாடியே எழுதிக்கோ. மேல் மாடியாப் பாத்து எழுதிக்கோ"ன்னாக. எனக்கு மனசு ஒப்பல. அதான் ஒங்களத் தேடி வந்தேன்.

பஞ்சம்மாள்: அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இம்புட்டு நேரம், "மகராசன் எவன், மூஞ்சியக் காட்டு"ன்னு நாடகம் ஆடுனீகளா?

சௌடப்பன்: கத்திப் பாத்தேன், எனக்கு மைக்கே குடுக்கலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிரலாம்னு இருந்தேன்.

பஞ்சம்மாள்: தெருக்காரவுக பூராம் வீடு கட்டும்போது எனக்குத் தெரியாமயா போகும்?

சௌடப்பன்: தெரியும்போது நீ மாடியில நிப்பியே.

பஞ்சம்மாள்: மாடியில நின்னு நான் என்ன செய்ய? சொல்லுங்க. ஏன் இப்பிடிச் செஞ்சீக?

சௌடப்பன்: இந்தப் புள்ள முன்னாடியா?

முருகலட்சுமி: நான் காதப் பொத்திக்கிறேன் ஐயா. சொல்லுங்க.

சௌடப்பன்: மதுரையில என் தங்கச்சி வீட்டுக்குப் போனோம்ல... அன்னைக்கி நீ பால்கனியில போயி நின்ன. சாப்பிடக் கூப்பிட்டும் வரல. பொழுது சாயுற வரைக்கும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்ன. முந்தானை காத்துல பறக்குது. மூஞ்சியில ஒரு நிம்மதி... என்கூட வாழ வந்து இத்தன காலத்துல அப்பிடி ஒரு மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. ஒழுகுற கூரைக்குக் கீழ தறிக்குத் தார் நூல் சுத்தியே ஓஞ்சு போயிட்டா, இவளுக்கு ஒரு மாடி வாங்கிக் குடுக்க நமக்கு வக்கில்லையேன்னு... அன்னைக்கி இருந்து அது மனச அறுத்துக்கிட்டே இருந்துச்சு.

பஞ்சம்மாள்: அட என் சாமி! நான் அங்க நின்னது உள்ள உங்க தங்கச்சி இருந்துச்சுன்னு!

சௌடப்பன்: என்னது?

பஞ்சம்மாள்: கல்யாணத்துக்குப் போட்ட வளையல்ல இருந்து கொறை சொல்ல ஆரம்பிச்சுச்சு. அது வாயில இருந்து தப்பிக்க எனக்குக் கெடச்ச ஒரே எடம் அந்தப் பால்கனி. அந்த மூஞ்சி தப்பிச்ச நிம்மதி!

முருகலட்சுமி: ஹஹ்ஹஹா... அய்யோ, சேவு மூக்குல ஏறிருச்சு...

சௌடப்பன்: நீ காதப் பொத்தியிருக்கல்ல?

முருகலட்சுமி: விரலு சந்து வழியா வந்துருச்சு ஐயா.

சௌடப்பன்: அப்ப காத்து... காத்து பிடிக்கலையா உனக்கு?

பஞ்சம்மாள்: காத்து நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. அப்பிடி ஒரு காத்து... அதுக்காகத் தறிய விப்பீகளா? கால வெட்டிப் போட்ட மாதிரி உக்காந்திருப்பீகளே, கூறுகெட்ட மனுசா... அத நான் எந்தப் பால்கனியில நின்னு பாக்க?

முருகலட்சுமி: அம்மா, ஒண்ணு சொல்லவா? சொந்த மனையில கட்டும்போது வெளியில ஓரமாப் படிக்கட்டு வச்சுக்கலாம். கீழ தறி இருக்கும், மேல மொட்டைமாடி இருக்கும். காத்துக்கு யாரு அனுமதியும் வேணாம்.

சௌடப்பன்: இத ஏம்மா காலையிலயே சொல்லல?

முருகலட்சுமி: நீங்கதான் மனையே இல்லைன்னுட்டீகளே, படிக்கட்ட எங்க வைக்க? சரி, மேடையில ஆளுக வந்தாச்சு. திட்டத்த வாசிக்கப் போறாக. சந்தேகம் இருக்கிற வீட்டச் சபையில கேட்டுத்தான் முடிக்கணும். இந்தாங்க மைக்கு. எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க... ஹலோ, ஹலோ... பாக்கி இருக்கிறது சௌடப்பன் ஐயா வீடு. ஐயா, ஒங்களுக்கு மனை இருக்கா, இல்லையா?

சௌடப்பன்: அது வந்து... நான்... பஞ்சு, நீயே சொல்லிரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிருச்சு.

பஞ்சம்மாள்: குடுங்க இங்கிட்டு. ஏம்மா முருகலட்சுமி, நல்லா எழுதிக்கோ. தமிழ் மனையும் இருக்கு, கன்னட மனெயும் இருக்கு, தறியும் இருக்கு. பொண்டாட்டிய மாடியில நிக்க வச்சுப் பாக்கணும்னு ரெண்டு பாஷையிலயும் பொய் சொல்ற புருசனும் இருக்காரு. எங்க வீட்டுல இல்லாதது ஒரு படிக்கட்டு மட்டும்தான்.